நாற்பதிற் கைக்கொண்ட பேரேடு

கணக்காளர் தொழில் இளமையிலேயே பழகவேண்டியதொன்று என்பது நம்மவரிடை நெடுங்காலமாக நிலவிவரும் கருத்து. பள்ளியை விட்டதும் கணக்காய்வு நிலையமொன்றிற் சேர்ந்து, இருபத்தைந்து வயதிற்குள் பரீட்சைகளை முடித்து, முப்பதிற் பெயர்ப்பலகை தொங்கவிடுபவனே அத்தொழிலுக்கு உரியவன் எனப் பெற்றோர் நம்புகின்றனர், ஆசிரியரும் நம்புகின்றனர். 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் தோன்றிய காலந்தொட்டு அவ்வழியே சென்று பெயர் நாட்டிய பழைய மாணவர் பலர். அவர்களைப் பற்றி எழுதத் தக்கவர் வேறுளர். மலர்க் குழுவினர் வேண்டியதற்கிணங்க நாம் ஈண்டு எழுதப் புகுவது அவ்வழியே செல்லாத ஒருவருடைய, அதாவது எம்முடைய, தொழில் வரலாற்றின் ஒரு பகுதியாகும். முப்பத்தெட்டு வயது வரை ஐந்தொகை என்னுஞ் சொல்லைக் காதாற் கேட்டதன்றிக் கண்ணாற் கண்டறியாத நாம், அதன்பின் இருபத்தாறு ஆண்டுகள் அவ்வைந்தொகையாலேயே குடும்பத்தை நடத்தினோம்.

கல்லூரியில் நாம் கற்றது விஞ்ஞானம். 1972இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தோம். 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய அத்தொழிற்சாலை அக்காலத்தில் வடபகுதி இளைஞர் பலருக்குச் சோறிட்ட இடம். சூளைக்குட் செல்வது எவ்வளவு, வெளிவருவது எவ்வளவு, இடையிற் போனது எங்கே என்று நாள்தோறும் பார்ப்பதே எமது வேலையின் சாரம். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பே எஞ்சும். மற்றைய 44 கிலோவும் காபனீரொட்சைட்டாகிப் புகைபோக்கி வழியே போய்விடும். அறியாதவன் பார்த்தால் பாதிக்குச் சற்றுக் குறைய யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்றே எண்ணுவான். பதினெட்டு ஆண்டுகள் இவ்வேலையைச் செய்தோம். 1990இல் யுத்தம் காரணமாகத் தொழிற்சாலை மூடப்பட்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்களோடு மக்களாக நாமும் மனைவி மக்களுடன் ஊரைவிட்டுப் பெயர்ந்தோம்.

உறவினர் வீட்டுத் திண்ணையில் ஆறு மாதம் கழிந்தது. ஆய்வுகூட அனுபவம் அக்காலத்தில் எவருக்கும் வேண்டப்படாத சரக்கு. 1991இன் தொடக்கத்தில், ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்திற் கணக்கு எழுதுவினைஞர் இடமொன்று வெறுமையாக இருப்பதாக அறிந்து விண்ணப்பித்தோம். நேர்முகத்தில் எம்மிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: “கூட்டல் பிழையில்லாமல் வருமா?” வரும் என்றோம். மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள்.

அங்கே எமக்கு ஆசானாக வாய்த்தவர் எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர். கொழும்பில் வணிக நிலையமொன்றிற் கணக்கப்பிள்ளையாக இருந்து இளைப்பாறியவர். சங்கத்துக்கு வாரத்தில் மூன்று நாள் வந்து போவார். முதல் நாள் பேரேட்டை எம் முன்னே விரித்து வைத்துவிட்டு அவர் கூறியது இது: “தம்பி, வந்ததுக்கு வரவு வையும், போனதுக்குச் செலவு வையும். ஆனா எழுதுறதுக்கு முதல் சாமானைப் போய்க் கண்ணாலை பாரும்.” இரட்டைப்பதிவு முறையைப் பற்றி நாம் பிற்காலத்தில் படித்த நூல்கள் பல. முதல் நாள் கேட்ட இவ்வார்த்தைகளைப் போல எமக்குப் பயன்பட்டது அவற்றுள் ஒன்றுமில்லை.

வரவு என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று கூறுதல் வேண்டும். தமிழ்நாட்டில் அச்சான கணக்குப் பதிவியல் நூலொன்று எமக்கு இரவலாகக் கிடைத்தது. அதனைத் திறந்தால், இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்றிருந்தது. நம் நாட்டிலோ இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. ஒரே மொழியில், ஒரே சொல், பாக்கு நீரிணையைக் கடந்தவுடன் பக்கம் மாறிவிடுகின்றது! இருவர் சொல்வதும் தத்தம் நோக்கிற் சரியே. எனினும் இரு நூலையும் ஒருங்கே படிக்கும் மாணவனுக்கு நேரும் இடர்ப்பாட்டை அறிஞர் எவரேனும் ஒருநாள் கவனிப்பாராக. இம்முறையை முதன்முதல் விரிவாக அச்சில் விளக்கிய லூக்கா பசியோலி என்னும் பிரான்சிஸ்கன் துறவி, தமது கணித நூலை 1494இல் வெனிசு நகரத்தில் வெளியிட்டபோது நாற்பதை நன்கு கடந்திருந்தவர் என்பதை நாம் அறிந்தபோது எமக்கு உண்டான ஆறுதல் சிறிதன்று. அவர் அதனைத் தாமே கண்டுபிடித்ததாகக் கூறவில்லை. வெனிசு வணிகரின் வழக்கத்தையே எழுதினார். அந்நூலின் பெயர் ‘சும்மா’ என்று தொடங்கும். அவருடைய மொழியில் அதற்குத் தொகுப்பு என்பது பொருள். எம் இல்லத்தார் வேறு பொருள் கொண்டு நகைத்தனர்.

வேலை கிடைத்ததே தவிர, கல்வி கிடைத்தபாடில்லை. மூத்த மகள் அப்போது வர்த்தகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பாடநூலே எமக்கும் பாடநூலாயிற்று. மின்சாரமில்லாத அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தார் எரித்த ஜாம் போத்தல் விளக்கை வாசகர் பலர் மறந்திரார். போத்தலின் அடியிற் சிறிது பஞ்சு, அதில் ஊறும் அளவுக்கு மண்ணெண்ணெய், மேலே ஒரு திரி, அவ்வளவே. அவ்வொளியில் ஒருபுறம் மகளும் மறுபுறம் தந்தையும் ஒரே நூலைப் பார்த்தபடி இருப்போம். “இஞ்சாருங்கோ, முதல்லை பிள்ளை படிச்சு முடிக்கட்டும், உங்களுக்கு நாளைக்குச் சோதினை இல்லைத்தானே” என்று மனைவியார் சில இரவுகளில் தீர்ப்புக் கூறுவதுண்டு. தீர்ப்பு நியாயமானது, ஆதலின் மேன்முறையீடு செய்தோமில்லை. மகள் உறங்கிய பின் எஞ்சிய எண்ணெய் எமது பங்கு.

நாற்பதை அண்மியவனுக்கு இத்தொழிலில் வரும் முதற் பகை கண். வெள்ளெழுத்துத் தொடங்கிய காலத்தில், மங்கிய ஒளியில், மூன்றும் எட்டும் ஒன்றாய்த் தோன்றும். விரைவும் இளைஞருக்குரியதே. எமது மகள் நீண்ட நிரலொன்றைக் கூட்டி முடிக்கையில் நாம் அரைவாசியில் நிற்போம். இக்குறைகளுக்கு ஈடாகப் பெரியவர் எமக்குச் சில உபாயங்களைக் கற்பித்தார். பரீட்சை மீதி இருபுறமும் சமப்படாவிடில் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்க்கவேண்டும். மீதியின்றி வகுபடின், இலக்கங்கள் இடம் மாறியிருத்தல் கூடும். 540 என்பது 450 என எழுதப்பட்டால் வித்தியாசம் 90 அன்றோ? வித்தியாசத்தின் சரிபாதியான தொகை ஏட்டில் எங்கேனும் இருப்பின், அது பக்கம் மாறி எழுதப்பட்டதா என்று நோக்கவேண்டும். இவை சிறிய தந்திரங்களே. எனினும் நள்ளிரவில், எண்ணெய் தீரும் தறுவாயில், முந்நூறு பதிவுகளுள் ஒன்றைத் தேடுபவனுக்கு இவற்றின் அருமை தெரியும்.

இனி, வயது சென்று இத்தொழிலுக்கு வருபவன் வெறுங்கையுடன் வருவதில்லை என்பதை எமக்கு உணர்த்திய நிகழ்ச்சியைக் கூறுவோம்.

சங்கத்தின் கிளையொன்றிற் பொறுப்பாளராயிருந்தவர் இருபத்துமூன்று வயது இளைஞர். தகப்பனில்லாதவர், தாயாரின் நகையை ஈடுவைத்துப் பிணைப்பணம் கட்டி வேலைக்கு வந்தவர். மூன்று மாத இருப்புக் கணக்கெடுத்தபோது அவருடைய கிளையில் 58 லீற்றர் மண்ணெண்ணெய் குறைந்தது. இன்று கேட்பவர்க்கு இஃதொரு பொருட்டாகத் தோன்றாது. அன்றோ, குடும்ப அட்டைக்கு அளந்து கொடுக்கப்பட்ட பொருள் அது. விளக்கும் அதுவே, நீர்ப்பம்பியும் அதுவே, மோட்டார் வண்டிகள் ஓடியதும் அதனாலேயே. கறுப்புச் சந்தையில் அதன் விலையைக் கேட்டவர் பெருமூச்செறிவர். ஆதலின் இளைஞர் அதனை மறைவில் விற்றார் என்று பேச்சு எழுந்தது. பிணைப்பணத்தைப் பறிமுதல் செய்து வேலையினின்றும் நீக்குவதென நிருவாக சபையினர் ஏறக்குறைய முடிவுசெய்திருந்தனர். அதற்கான குறிப்பை எழுதும் பணி எம்மிடம் வந்தது.

எழுதுவதற்கு முன் பொருளைக் கண்ணாற் காண்க என்ற பெரியவரின் சொல் நினைவுக்கு வரவே, துவிச்சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். பிரதான களஞ்சியத்தின் முற்றத்தில் எண்ணெய்ப் பீப்பாக்கள் நடுப்பகல் வெயிலிற் கிடந்தன. கைவைக்க முடியாத சூடு. அந்நேரத்திலேயே கிளைகளுக்கு அளந்து கொடுத்தார்கள். கிளைக்குச் சென்று பார்த்தோம். அங்கோ ஓட்டுக் கூரையின் கீழ், நிலத்தில் வைத்த பீப்பா. சனங்கள் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்பதால் விற்பனையும் குளிர்ந்த வேளையிலேயே நடந்தது. சூட்டில் அளந்து வாங்கி, குளிரில் அளந்து விற்கின்றார்! சூளையருகில் பதினெட்டு ஆண்டு நின்றவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. சபைக்கோ வேண்டியிருந்தது.

நம் கல்லூரியில் அப்போது இரசாயனம் கற்பித்துக்கொண்டிருந்த வகுப்புத் தோழரிடம் சென்று வெப்பமானி ஒன்றும் ஒரு லீற்றர் அளவுச்சாடி ஒன்றும் இரவல் பெற்றோம். நடுப்பகலிற் களஞ்சிய முற்றத்துப் பீப்பாவிலிருந்து சாடியை 1000 என்ற கோடுவரை நிரப்பினோம். வெப்பநிலை 38 பாகை. வாயை இறுக மூடிக் கிணற்று நீரில் நிறுத்தி வைத்து, மறுநாட் காலை சபையினர் முன்னிலையிற் பார்த்தபோது வெப்பநிலை 28 பாகை. எண்ணெய் நின்ற கோடு 990. பத்துப் பாகை குளிர்ந்தால் நூற்றுக்கு ஒன்று சுருங்கும் என்பதே இதன் பொருள். 200 லீற்றர்ப் பீப்பா ஒன்றுக்கு 2 லீற்றர். மூன்று மாதத்தில் இளைஞர் பெற்றவை 31 பீப்பாக்கள். 62 லீற்றர் வரை குறைந்திருக்க இடமுண்டு, குறைந்ததோ 58. அவர் களவெடுக்கவில்லை என்பது மட்டுமன்று, ஒரு துளியும் சிந்தாமல் விற்றிருக்கின்றார் என்பதும் தெளிவாயிற்று. சபையில் ஒருவர் மட்டும், “எண்ணெய் சுருங்கும் எண்டால் காசும் சுருங்குமோ?” என்று கேட்டார். நல்ல கேள்விதான். அதற்குரிய விடை, களஞ்சியத்திலும் விடியற்காலையிலேயே அளந்து கொடுக்கவேண்டும் என்பது. அவ்வாறே பின்னர் செய்யப்பட்டது. இளைஞரின் பிணைப்பணம் தப்பியது. பேரேட்டில் நாம் எழுதியது ஒரு வரி மாத்திரம்: இருப்புக் குறைவு, வெப்பநிலை வேறுபாட்டால் நேர்ந்தது, பதிவழிக்கப்பட்டது.

இளங்கணக்காளர் ஒருவர் இதனைச் செய்திருக்க மாட்டாரா எனின், செய்திருக்கலாம். ஆயின் எண்ணை மட்டுமே கண்டு வளர்ந்தவருக்கு எண்ணின் பின்னால் நிற்கும் எண்ணெய் எளிதிற் புலப்படாது. முன்னொரு தொழிலில் எதனையாவது நிறுத்தும் அளந்தும் சுமந்தும் பழகியவர்க்கு அது முதலிற் புலப்படும். ஆசிரியராயிருந்து கணக்குக்கு வருபவர் சம்பளப் பட்டியலின் பின்னால் மனிதரைக் காண்பார். கமக்காரராயிருந்தவர் விதைநெல்லுக்கும் விற்கும் நெல்லுக்கும் உள்ள வேற்றுமையைக் கேளாமலே அறிவார். காலந்தாழ்த்தி வருபவனுக்கு இஃதொன்றே முதல். அதனை அவன் குறைத்து மதிப்பிடலாகாது என்பது எமது கருத்து.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதியை யாழ்ப்பாணத்தார்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அன்று மாலை சங்கத்தின் பொது முகாமையாளர் எமது தற்காலிக வீட்டுக்கு வந்து, பங்குப் பதிவேட்டையும் சேமிப்புப் பேரேட்டையும் உரப்பையொன்றிற் சுற்றி எம்மிடம் ஒப்படைத்தார். இரும்புப் பெட்டியைத் தூக்கிச் செல்ல வழியில்லை. காசும் பெரிதாக இருக்கவில்லை. துவிச்சக்கர வண்டியின் பின்னே பேரேடுகள், முன்னே கடைசி மகன். மனைவியும் பெண்பிள்ளைகளும் நடையில். மழைத்தூறலில் நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எமக்கு ஓர் இரவு முழுவதும் சென்றது. அதனை நாம் இங்கே விரிக்கப் போவதில்லை, பலர் எழுதியிருக்கின்றனர்.

சாவகச்சேரியில் ஒரு பாடசாலை விறாந்தையில் தங்கியிருந்தோம். சங்கத்தின் பேரேடுகள் எம்மிடம் இருக்கும் செய்தி எவ்வாறோ பரவிற்று. அங்கத்தவர் ஒவ்வொருவராக வரத்தொடங்கினர். பெரும்பாலோர் சேமிப்புப் புத்தகத்தைக் கைவிட்டு வந்தவர்கள். முதிய அம்மையார் ஒருவர், “தம்பி, என்ரை பேர் அதிலை இருக்கோ?” என்று கேட்டார். பக்கத்தைப் புரட்டிக் காட்டினோம்: 1,850 ரூபா, சதம் இல்லை. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆயினும் அப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்; பார்த்துவிட்டு, காசு கேளாமலே எழுந்து போனார். அப்போது கொடுக்கவும் எம்மிடம் ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு சனங்கள் வலிகாமத்துக்குத் திரும்பிய பின்னர், சங்கம் மீண்டும் திறந்தபோது, அந்தப் பேரேட்டைக் கொண்டே எல்லோருடைய நிலுவையும் தீர்க்கப்பட்டது. ஐந்தொகை இருபுறமும் சமப்பட்ட நாளில் பெரியவர் உயிருடன் இல்லை.

1997இல், மகளின் மேற்படிப்பையும் எமது பரீட்சைகளையும் முன்னிட்டு, கப்பலில் திருகோணமலை சென்று அங்கிருந்து கொழும்பை அடைந்தோம். 1987இல் நிறுவப்பட்ட கணக்கீட்டுத் தொழினுட்பவியலாளர் கழகத்தின் பரீட்சைகளைத் தமிழில் எழுத இயன்றமை எமக்குப் பெரும் வாய்ப்பு. பகலிற் சிறிய கணக்காய்வு நிலையமொன்றிற் பயிலுநர் வேலை. வயது நாற்பத்தைந்து, உடன் பயின்றோர் எமது மகளுக்கு ஒத்தவர்கள். எமது குழுவுக்குத் தலைவியாயிருந்தவர் இருபத்துநான்கு வயதுப் பெண், மிகுந்த திறமைசாலி. கணக்காய்வுக்குச் செல்லும் இடமெல்லாம் ஒரே நாடகம். நரைத்த தலையைக் கண்டு முகாமையாளர் எமக்கு நாற்காலி கொடுப்பார். தேநீர் எமக்கு முதலில் வரும். கேள்விகளும் எம்மை நோக்கியே வரும். நாம் எழுந்து, “தலைவி அவர்தாம், நான் பற்றுச்சீட்டுகளைச் சரிபார்க்க வந்தவன்” என்போம். அதன்பின் அந்த அறையில் ஒரு நிமிட மௌனம் நிலவும். அப்பெண் ஒருநாளும் எம்மை ஐயா என்றழையாமல் இருந்ததில்லை. எமது வேலையிற் திருத்தம் சொல்லாமல் விட்டதுமில்லை. இரண்டுக்கும் நாம் நன்றியுடையோம்.

பெறுமானத்தேய்வைப் பற்றி அங்கே நடந்த விவாதமொன்று நினைவுக்கு வருகின்றது. இளைஞர்கள் நேர்கோட்டு முறை, குறைந்து செல்லும் மீதி முறை என இரண்டையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். எமக்கோ சூளையின் உட்புறத்து அனற்கற்களே கண்முன் நிற்கும். அவை ஆண்டுக்கு ஒரே அளவாகத் தேய்ந்ததை நாம் கண்டதில்லை. ஓரிடம் நெடுங்காலம் நிற்கும், ஓரிடம் திடீரென விழும். முறைகள் இரண்டும் வசதிக்காக மனிதர் செய்துகொண்ட உடன்பாடுகள் என்றோம். தலைவி சற்று யோசித்துவிட்டு, “அப்படியெண்டால் இந்த ஆலையின் இயந்திரத்தைப் போய்ப் பாத்திட்டு வாங்கோ ஐயா” என்றார். போய்ப் பார்த்தோம். பதிவேட்டில் பத்தாண்டு ஆயுள் எழுதப்பட்ட இயந்திரமொன்று துருப்பிடித்து மூலையிற் கிடந்தது.

இறுதிப் பரீட்சையில் 2000ஆம் ஆண்டு சித்தியெய்தினோம். அப்போது வயது நாற்பத்தெட்டு. அதன்பின் தனியார் நிறுவனமொன்றிற் கணக்காளராகி 2017இல் இளைப்பாறும்வரை அங்கேயே இருந்தோம். இடையில் 2012 சனவரி முதலாந் திகதி தொடக்கம், சர்வதேசத் தரங்களைத் தழுவிய புதிய இலங்கை நியமங்கள் நடைமுறைக்கு வந்தன. அறுபதாவது வயதில் மறுபடியும் மாணவரானோம். இளையோருக்கும் அப்போது அது புதிது. ஆதலின் அவ்வகுப்பறையில் மட்டும் எல்லோரும் ஒரே வயதினராயிருந்தோம்.

இவ்வழியில் வர எண்ணும் நடுவயதுப் பழைய மாணவர் சிலர் எம்மை அணுகி, பட்டயக் கணக்காளராவதற்கு முயலலாமா என்று வினவுவதுண்டு. முயலலாம், தடையில்லை. ஆனால் அதற்குப் பரீட்சையுடன் பயிற்சியாண்டுகளும் வேண்டும்; பயிற்சிக் காலத்திற் கிடைக்கும் கொடுப்பனவு, பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் போதாது. வீட்டுக் கணக்கை முதலில் எழுதிப் பார்த்துவிட்டே மற்றக் கணக்குக்கு வருக. சிறிய நிறுவனமொன்றிற் காசேடும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றும் எழுதத் தொடங்கி, வேலை செய்துகொண்டே தொழினுட்பவியலாளர் நிலைப் பரீட்சைகளை ஒவ்வொன்றாக முடிப்பதே இல்லறத்தானுக்கு ஏற்ற வழி என்பது எமது துணிபு. கூட்டலையும் கழித்தலையும் இன்று கணினி செய்துவிடுகின்றது. ஒன்பதால் வகுக்கும் தந்திரத்துக்கும் வேலை குறைந்துவிட்டது. களஞ்சியத்துக்குப் போய் வெயிலிற் கிடக்கும் பீப்பாவைத் தொட்டுப் பார்க்கும் கணினி இன்னும் எம் கண்ணிற் படவில்லை.

எமக்கு இப்போது எழுபதைக் கடந்த வயது. பழைய மாணவர் சங்கக் கிளையொன்றின் பொருளாளர் பொறுப்பை நண்பர்கள் எம் தலையிற் சுமத்தியிருக்கின்றனர். கணக்கில் இடர்ப்பாடு எதுவுமில்லை, ஒன்றைத் தவிர. பெறவேண்டியவை என்னுந் தலைப்பின் கீழ், இரண்டாண்டுச் சந்தா செலுத்தாதோர் பெயர்கள் இரண்டரைப் பக்கத்தை நிறைத்து நிற்கின்றன. அவர்களுட் பலர் இம்மலரைக் கட்டாயம் வாசிப்பர் என்பதை அறிவோம். அவை அறவிடமுடியாக் கடனாகப் பதிவழிக்கப்படும் காலம் இன்னும் வரவில்லை. காசோலைகளைச் சங்கத்தின் பெயருக்கு எழுதி அனுப்புவார்களாக. பற்றுச்சீட்டு உடன் அனுப்பிவைக்கப்படும்.